மூச்சிரைப்புக்குப் பின்னால் ஓர் இரைப்பைப் புண்: நிகழ்வு ஆய்வு

அவருக்கு வயது 64. 14 மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சை யாரோ அழுத்திப் பிடிப்பதுபோல் இருக்கிறது, இரண்டு வாரமாக இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு மகளோடு வந்தார். (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஸ்டென்ட் வைத்தவர் நெஞ்சு இறுக்குகிறது என்றால் கவனம் நேராக இதயத்தின் மேல்தான் போகும். போகவும் வேண்டும். இ.சி.ஜி.யில் வி4 முதல் வி6 வரை எஸ்.டி. பகுதி 1 மி.மீ. இறங்கியிருந்தது; இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம் அது. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதம் இயல்பு வரம்பைச் சற்றே தாண்டியிருந்தது. முதலில் பார்த்த இடத்தில் கொடுத்த சீட்டில், ஸ்டென்ட் மறுபடி அடைத்திருக்கலாம், ஆஞ்சியோகிராம் தேவை, ஹெப்பாரின் தொடங்கவும் என்று எழுதியிருந்தார்கள். இ.சி.ஜி.யை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். அந்த ஊசி போடுவதற்குள் அவர்கள் எங்களிடம் வந்துவிட்டார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அன்று அவர் உடம்பில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

என்னை நிறுத்தியது அவருடைய கண். கீழிமையை இழுத்துப் பார்த்தபோது உட்புறம் காகிதம்போல் வெளுத்திருந்தது. உள்ளங்கை ரேகையிலும் சிவப்பு இல்லை. நாடித்துடிப்பு 82, ரத்த அழுத்தம் 108/70. எண்களைப் பார்த்தால் ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். ஆனால் அவர் தினமும் மெட்டோப்ரொலால் சாப்பிடுகிறார். அது இதயத்தின் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் மருந்து. ரத்தம் குறையும்போது நாடி 110, 120 என்று ஏறி நம்மை எச்சரிக்கும். இவரிடம் அந்த எச்சரிக்கை மணியை மாத்திரை அடக்கி வைத்திருந்தது. எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அளந்தோம்: 86/58. "கண்ணை இருட்டுது" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

படுத்தபடி ஒருமுறை, நின்றபடி ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க மூன்று நிமிடம் போதும். அவசரப் பிரிவில் அந்த மூன்று நிமிடத்தைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

கறுப்பின் கணக்கு

"ஐயா, வெளிக்கிப் போறது என்ன நிறத்துல இருக்கு?"

"கறுப்பாத்தான் போகுது டாக்டர். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்கன்னு சொல்லிட்டாங்க."

ஆறு வாரத்துக்கு முன் அசதி என்று ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். ஹீமோகுளோபின் 9.1. ரத்தசோகை என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 64 வயது ஆணுக்கு இரும்புச்சத்து எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. இந்த வயதில் ஆணுக்கு இரும்புக் குறைபாடு என்றால், வேறு காரணம் தெளிவாகும்வரை குடல் பாதையில் எங்கோ ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் தேடாமல் கொடுத்த அந்த மாத்திரை இன்னொரு கெடுதலையும் செய்தது. கறுப்பு மலத்துக்கு ஒரு நியாயமான விளக்கம் கிடைத்துவிட்டது.

அப்போது மகள் குறுக்கிட்டார். "அப்பா, அந்த மாத்திரை வாங்கறதுக்கு முன்னாடியே பாத்ரூம்ல ஒரு மாதிரி நாத்தம் அடிக்குதுன்னு அம்மா சொன்னாங்களே, ஞாபகம் இல்லையா?"

இந்த நோயாளியின் கதையில் திருப்பம் இந்த ஒரு வாக்கியம்தான். நிறம் மாறியது மாத்திரைக்கு முன்பே.

கையுறை போட்டு மலவாய்ப் பரிசோதனை செய்தேன். நோயாளிக்கும் கூச்சம், மருத்துவருக்கும் தயக்கம் என்று தள்ளிப்போகிற பரிசோதனை இது. விரலில் வந்தது தார்போல் இருந்தது: கருகரு என்று, பளபளப்பாக, பிசினைப்போல் ஒட்டிக்கொண்டு. அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு வேறு. அது கெட்டியாக இருக்கும், ஒட்டாது, வெள்ளைக் காகிதத்தில் தடவினால் ஓரத்தில் பச்சை தெரியும், இந்த நாற்றம் இருக்காது. மெலினா என்று நாங்கள் சொல்லும் இந்தத் தார் மலம் பெரும்பாலும் மேல் குடல் பாதையில், அதாவது உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் இவற்றில் ஒன்றில் கசிந்த ரத்தம் வழியில் செரித்துக் கறுத்ததால் வருவது. ஏறக்குறைய 50 முதல் 100 மில்லி ரத்தம் உள்ளே இறங்கினாலே இப்படி வந்துவிடும்.

பரிசோதனை முடிவுகள் அதையே சொல்லின. ஹீமோகுளோபின் 6.4. ஸ்டென்ட் வைத்த சமயத்தில் அது 13.9 ஆக இருந்தது. சிவப்பணுக்களின் சராசரி அளவு 70, ஃபெரிட்டின் 9. இன்று நேற்றல்ல, பல வாரங்களாகக் கசிந்து இரும்பு இருப்பே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். யூரியா 78, கிரியாட்டினின் 1.0. சிறுநீரகம் கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும். யூரியா மட்டும் ஏறியிருந்தது. குடலுக்குள் இறங்கிய ரத்தமும் ஒரு புரதம்தான். அது செரிமானமாகி யூரியாவாக மாறுகிறது. மேல் குடல் ரத்தக்கசிவு எவ்வளவு ஆபத்தானது என்று கணிக்கும் கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்டு மதிப்பெண் 12. இதில் 0 அல்லது 1 வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பி, பிறகு வரச்சொல்லிப் பார்க்கலாம். நாடி 100-ஐத் தொட்டால் கிடைக்கும் ஒரு மதிப்பெண் இவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணமும் அந்த மெட்டோப்ரொலால்தான்.

பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்குக் குடலில் மெல்லிய ரத்தக்குழாய்கள் கசிவது உண்டு. 1958-இல் ஹெய்ட் என்ற மருத்துவர் கவனித்து எழுதிய தொடர்பு அது. அதனால் நெஞ்சில் முணுமுணுப்பு ஒலி கேட்கிறதா என்றும் கவனமாகப் பார்த்தேன். இல்லை.

மகள் கவிழ்த்த பை

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வந்ததுமே கேட்டிருந்தேன். ஆஸ்பிரின் 75 மி.கி., க்ளோபிடோக்ரெல் 75 மி.கி. (இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை), மெட்டோப்ரொலால், கொழுப்பைக் குறைக்கும் அடார்வாஸ்டாடின், இரும்பு. "டாக்டர் எழுதினது மட்டும்தான், வேற எதுவும் தொடமாட்டேன்" என்று உறுதியாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

மகளிடம் பையை அப்படியே மேசையில் கவிழ்க்கச் சொன்னேன். அட்டைகள் சரிந்தன. கண்ணாடி உறைக்கு அடியிலிருந்து டைக்லோஃபெனாக் 50 மி.கி. அட்டை ஒன்று வந்தது. பத்தில் நான்கு மிச்சம்.

"ஐயா, இது?"

"இதா? முட்டி வலிக்கு. ராத்திரி தாங்க முடியலைன்னா ஒண்ணு போட்டுக்குவேன். இதைப் போய் மாத்திரைன்னு சொல்வாங்களா?"

எப்போதாவது என்றவர், பேசப் பேச, மூன்று மாதமாகப் பெரும்பாலும் தினம் இரண்டு என்றார். அன்றிலிருந்து நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். "தலைவலி, முட்டிவலி, முதுகுவலி வந்தால் என்ன போடுவீர்கள்?" என்று வலியின் பெயரைச் சொல்லித்தான் இப்போது கேட்கிறேன்.

மேசையில் இல்லாத ஒன்றும் உண்டு. ஸ்டென்ட் வைத்தபோது இரைப்பையைக் காக்க பான்டோப்ரசோல் எழுதியிருந்தார்கள். மூன்று மாத அட்டை தீர்ந்ததும் யாரும் தொடரவில்லை. ஆனால் 12 மாதத்தோடு நிறுத்தவேண்டிய க்ளோபிடோக்ரெல் 14-ஆம் மாதமும் ஓடிக்கொண்டிருந்தது. தொடரவேண்டியது நின்றுபோனது, நிற்கவேண்டியது தொடர்ந்தது. மருந்துச் சீட்டை ஒவ்வொரு முறையும் அப்படியே பார்த்து எழுதுவதால் நேர்வது இது.

நெஞ்சு ஏன் இறுக்கியது

இதயத் தசைக்கு ஓர் இக்கட்டு இருக்கிறது. மற்ற உறுப்புகள் தம்மிடம் வரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். நெருக்கடி வந்தால் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இதயமோ ஓய்வாக இருக்கும்போதே தனக்கு வரும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. பிறகு வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். இவருக்கு ஹீமோகுளோபின் பாதிக்கும் கீழே. ரத்தக்குழாய்களோ ஏற்கெனவே கரடுமுரடானவை. படி ஏறும்போது தேவை கூடியது, வரவு கூடவில்லை. தசை திணறியது. இ.சி.ஜி. காட்டியதும் ட்ரோபோனின் காட்டியதும் அந்தத் திணறலைத்தான். ரத்தக்கட்டி அடைத்து வரும் மாரடைப்புக்கு வழியைத் திறக்கும் சிகிச்சை வேண்டும். வரவு குறைந்து வரும் இந்த வகைக்கு, கசிவை நிறுத்தி ரத்தத்தை ஈடுகட்டுவதே சிகிச்சை. முதலாவது என்று நினைத்து இரண்டாவதுக்கு ஹெப்பாரின் கொடுத்தால் கசிவு பெருகும்.

இரண்டு யூனிட் சிவப்பணுக்களை மெதுவாக ஏற்றினோம். குடல் ரத்தக்கசிவில் ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்றவேண்டும், தாராளமாக ஏற்றுவது நல்லதல்ல என்பது 2013-இல் வெளிவந்த பார்சிலோனா ஆய்வுக்குப் பிறகு பரவலான நடைமுறை. இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த எல்லையை 8 என்று வைத்துக்கொள்கிறோம். ஏற்றி முடித்தபோது 8.3. நெஞ்சு இறுக்கம் போய்விட்டது. மறுநாள் இ.சி.ஜி.யில் எஸ்.டி. பழைய கோட்டுக்குத் திரும்பியது. எக்கோவில் புதிய மாற்றம் இல்லை. ஆஞ்சியோகிராம் தேவைப்படவில்லை.

திரையில் தெரிந்தது

வந்த 16 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் 12 மி.மீ. அகலத்தில் ஒரு புண். ஓரம் சற்றே தடித்து, நடுவில் வெளிர்மஞ்சள் படலம். அந்தப் படலத்தின் நடுவே குண்டூசித் தலைபோல் ஒரு சிவந்த முனை. அது ரத்தக்குழாயின் வெட்டுமுனை. அந்த நேரம் கசியவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளும். ரத்தம் கசியும் புண்களை ஃபாரஸ்ட் என்ற மருத்துவர் 1974-இல் வகுத்த பிரிவில் இது 2ஏ. சும்மா விட்டால் இத்தகைய புண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை மறுபடி ரத்தம் கக்கும். சுற்றிலும் அட்ரினலின் ஊசி போட்டு, குழாய் முனையில் இரண்டு கிளிப்புகள் மாட்டப்பட்டன. ஊசி மட்டும் போட்டு விடுவது போதாது. அதன் வீரியம் தணிந்ததும் குழாய் திறந்துகொள்ளும். பிறகு பான்டோப்ரசோல் 80 மி.கி. ஒரே தடவையாகவும், மணிக்கு 8 மி.கி. வீதம் 72 மணி நேரமும் சிரை வழியாக. அமிலம் அடங்கினால்தான் புண்ணின் மேல் உறைந்த ரத்தக்கட்டி கரையாமல் நிற்கும்.

படத்தைக் காட்டியபோது அவர் நம்பவில்லை. "எனக்கு அல்சரெல்லாம் கிடையாது டாக்டர். வயிறு ஒருநாள்கூட எரிஞ்சதில்ல."

நெஞ்சு எரிந்தாலும், வாயு பிடித்தாலும், பசி நேரத்தில் வயிறு பிடுங்கினாலும் எல்லாவற்றையும் 'அல்சர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றில் பெரும்பாலானவற்றில் புண் எதுவும் இருக்காது. மறுபுறம், உண்மையான புண், அதுவும் வலி மாத்திரை சாப்பிடும் வயதானவர்களிடம், வலியே இல்லாமல் வளரும். வலி மாத்திரை வலியைத்தானே மறைக்கும்! முதல் அறிகுறியே ரத்தமாக இருப்பது இவர்களிடம்தான். எரியவில்லை என்பதால் புண் இல்லை என்ற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம்.

ஒரு புண், மூன்று கைகள்

இரைப்பைக்குள் இருக்கும் அமிலத்தின் பி.எச். 1 முதல் 2 வரை. இறைச்சியைக் கரைக்கும் அமிலம் இரைப்பைச் சுவரை ஏன் கரைப்பதில்லை? சுவரின் மேல் சளிப்படலம் ஒரு பாய்போல் விரிந்திருக்கிறது. அதற்குள் சுரக்கும் பைகார்பனேட், அமிலத்தைச் சுவர் அருகே கிட்டத்தட்ட நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அடியில் ஓடும் ரத்தம், உள்ளே கசிந்த அமிலத்தை அள்ளிக்கொண்டு போய், பழுதுபார்க்கும் பொருள்களைக் கொண்டுவந்து தருகிறது. மேலடுக்குச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன. ரத்த ஓட்டம் குறைந்தால் மற்ற காவல்களும் தளரும். செரிமானத்தையும் ரத்த ஓட்டத்தையும் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தாலும், இரைப்பைச் சுவரில் இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் காவல் அத்தனைக்கும் உத்தரவிடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். ஆஸ்பிரினும் டைக்லோஃபெனாக்கும் அதன் உற்பத்தியை நிறுத்துகின்றன. 1971-இல் ஜான் வேன் இதைக் கண்டறிந்தார், 1982-இல் நோபல் பரிசு பெற்றார். இதயத்துக்கு நன்மை செய்வதும் இரைப்பைக்குத் தீங்கு செய்வதும் ஆஸ்பிரினின் ஒரே செயல்தான். ரத்தத் தட்டணுவுக்குக் கரு இல்லை. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அது மறுபடி செய்துகொள்ள முடியாது. அந்தத் தட்டணு வாழும் 7 முதல் 10 நாள்வரை முடக்கம் நீடிக்கும். உறை போட்ட ஆஸ்பிரின் இரைப்பையில் கரையாது, அதனால் புண் வராது என்று பலர் நம்புகிறார்கள். ரத்தத்தில் கலந்த பிறகும் அது இரைப்பைச் சுவரின் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கத்தான் செய்யும். உறை அதைத் தடுக்காது.

இவரிடம் ஆஸ்பிரின் காவலைத் தளர்த்தியது, டைக்லோஃபெனாக் அதை முற்றாக விலக்கியது, புண் திறந்தபின் க்ளோபிடோக்ரெல் ரத்தம் உறையவிடாமல் பார்த்துக்கொண்டது. நான்காவதாக இன்னொன்றும் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆஸ்பிரினை என்ன செய்வது

குடும்பம் கேட்டது: "இதனாலதான் ரத்தம் போச்சுன்னா இனிமே ஆஸ்பிரினே வேண்டாமே டாக்டர்?" இயல்பான கேள்வி. பல இடங்களில் பதிலும் "நிறுத்திவிடுங்கள்" என்றே வருகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

2010-இல் ஹாங்காங்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இதய, மூளை ரத்தக்குழாய் நோய்களுக்காக ஆஸ்பிரின் சாப்பிட்டு, புண்ணில் ரத்தம் கசிந்த 156 பேர். எண்டோஸ்கோபியில் கசிவை நிறுத்திய பிறகு ஒரு பாதிக்கு ஆஸ்பிரினைத் தொடர்ந்தார்கள், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஆஸ்பிரின் தொடர்ந்தவர்களில் 10.3 சதவீதம் பேருக்கு மறுபடி கசிந்தது, மற்றவர்களில் 5.4. ஆனால் எட்டு வாரத்தில் இறந்தவர்கள்? ஆஸ்பிரின் தொடர்ந்தவர்களில் 1.3 சதவீதம், நிறுத்தியவர்களில் 12.9. மறுபடி கசிந்தால் கிளிப் போடலாம். அடைத்துப்போன இதயக்குழாய் அத்தனை அவகாசம் தருவதில்லை. ஒருமுறையும் மாரடைப்போ பக்கவாதமோ வராதவர் முன்னெச்சரிக்கையாகச் சாப்பிடும் ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதை நிறுத்தலாம். இவர் அந்த வகை இல்லை.

இதய மருத்துவரிடம் பேசினோம். க்ளோபிடோக்ரெல் நிரந்தரமாக நின்றது. ஆஸ்பிரின் 75 மி.கி. மூன்றாம் நாள் மீண்டும் தொடங்கியது, கூடவே பான்டோப்ரசோல், ஆஸ்பிரின் உள்ளவரை. டைக்லோஃபெனாக் இனி எந்தப் பெயரிலும் கூடாது என்று அதன் குடும்பத்து மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்தேன்: ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், அசெக்லோஃபெனாக். ஐபுப்ரோஃபென் கூடுதல் ஆபத்து. அது ஆஸ்பிரின் உட்காரவேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்து, இதயத்துக்கான பலனையும் கெடுத்துவிடும்.

கிருமி

காரமும் கவலையும்தான் புண்ணுக்குக் காரணம் என்று நீண்டகாலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். பாரி மார்ஷலும் அவரும் 1982-இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். பிறர் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி உண்டானதைக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியும் வலி மாத்திரையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், இரண்டும் இல்லாதவரைவிடப் புண்ணில் ரத்தம் கசியும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு.

இந்தக் கிருமி இருக்கிறதா என்று அறிய எண்டோஸ்கோபியின்போதே எடுத்த யூரியேஸ் பரிசோதனை 'இல்லை' என்றது. காரணம்தான் கிடைத்துவிட்டதே, டைக்லோஃபெனாக், இதோடு முடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும் இடம் இது. ஆனால் ரத்தம் கசியும் நேரத்தில் இந்தப் பரிசோதனை தவறாக 'இல்லை' என்று சொல்வது அடிக்கடி நடப்பது. எட்டு வாரம் கழித்து மறுபடி எண்டோஸ்கோபி செய்தோம். இரைப்பைப் புண் என்றால் ஆறியதைக் கண்ணால் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று திசு எடுத்து உறுதிசெய்ய வேண்டும். முன்சிறுகுடல் புண்ணுக்கு வழக்கமாக இது தேவையில்லை. புண் இருந்த இடத்தில் வெளிர் தழும்பு மட்டும். புற்றுச் செல்கள் இல்லை. கீழ்ப்பகுதித் திசுவில் கிருமி இல்லை. மேல்பகுதித் திசுவில் இருந்தது. அமிலம் குறைக்கும் மருந்து சாப்பிடும்போது கிருமி மேலே இடம் பெயர்ந்துவிடும் என்பதால்தான் இரண்டு இடத்திலும் எடுக்கச் சொல்லியிருந்தேன்.

14 நாள் சிகிச்சை: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், பான்டோப்ரசோல். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவில்லை. அது அடார்வாஸ்டாடினை உடம்பில் தேங்கவைத்துத் தசையைச் சிதைக்கக்கூடும்.

பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், நாக்கையும்கூட. எந்த அறிகுறியைக் கண்டால் ஓடிவரவேண்டும் என்று இரண்டு மாதமாகச் சொல்லிவந்தோமோ, அதையே இப்போது மருந்து உண்டாக்கப்போகிறது. அதனால் முதல் மாத்திரைக்கு முன்பே சொன்னேன்: "கறுப்பாப் போகும். ஒட்டாது, அந்த நாத்தம் இருக்காது. ஒட்டினாலோ, நாத்தம் வந்தாலோ, எழுந்தா தலை சுத்தினாலோ, ராத்திரின்னு பார்க்காம வாங்க." இரும்பை முன்பே சிரை வழியாகக் கொடுத்து, மாத்திரையை நிறுத்தியிருந்தோம். கறுப்புக்கு இரண்டு காரணம் இருந்தால் குழப்பம்.

ஐந்தாம் நாள் இரவு மகள் அழைத்தார். "டாக்டர், கறுப்பா இருக்கு. ஆனா தண்ணி ஊத்தினதும் போயிடுச்சு, ஒட்டல. நாத்தமும் இல்ல. அப்பாவை நிக்கவெச்சு ரத்த அழுத்தம் பார்த்தேன், 124." மறுநாள் ஹீமோகுளோபின் பார்த்தோம். 12.4, முந்தைய வாரம் இருந்த அதே அளவு.

மருந்து முடித்து ஆறு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று அறிய மூச்சுப் பரிசோதனை. அதற்கு இரண்டு வாரம் முன்பே பான்டோப்ரசோலை நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு அது பாதுகாப்பில்லாத இடைவெளி என்பதால் அந்த நாட்களுக்கு அமிலத்தைக் குறைக்கும் வேறொரு மருந்தான ஃபமோடிடின் கொடுத்தோம். கிருமி இல்லை என்று வந்தது. ஹீமோகுளோபின் 13.5. இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிறார்.

முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பாராசிட்டமால் கொஞ்சம் கேட்கிறது, மேலே தடவும் களிம்பு கொஞ்சம், தொடைத் தசைப் பயிற்சி இன்னும் கொஞ்சம். டைக்லோஃபெனாக் தந்த நிம்மதியை இவை எதுவும் தருவதில்லை என்று அவரே சொல்கிறார், நானும் மறுக்கவில்லை. முட்டி மாற்று அறுவை சிகிச்சை பற்றிப் பேச, அடுத்த மாதம் எலும்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறார். ஆஸ்பிரினை அறுவை சிகிச்சைக்காக நிறுத்துவதா என்ற கேள்வி அங்கே மறுபடி எழும். அதற்குள் இந்தக் குறிப்பு அவர் கையில் இருக்கவேண்டும் என்றுதான் எழுதி முடித்தேன்.